சூதாடியின் பெயரில் ஒரு வாவி

கெலிஓயா சந்தியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தன் போனை நீட்டினான். மலேசியாவின் கெந்திங் மலை. மேகத்துக்குள் ஹோட்டல்கள், கேபிள் கார், உள்ளே கசினோ. "மச்சான், ரெண்டு நாளைக்கு ஆளுக்கு எவ்வளவு வரும்?" கணக்குப் போடத் தேவையே இருக்கவில்லை. எங்களில் பாதிப் பேரிடம் பாஸ்போர்ட் எடுக்கவே காசில்லை. "மலையும் வேணும், ஏரியும் வேணும், கொஞ்சம் சூதும் வேணும்னா நுவரெலியா இருக்குதானே, பஸ்ல போயிரலாம்" என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒரு கொப்பியில் செலவு எழுதத் தொடங்கினோம். பஸ், சாப்பாடு, தங்குமிடம், வாவிக்கு டிக்கெட். கடைசி வரியில் ஒருத்தன் "ரேஸ் - 500" என்று எழுதினான். சண்டை அங்கேதான் பிடித்தது.

எங்கள் கூட்டத்தில் தொப்பி போடுகிறவர்களும் உண்டு, திருநீறு பூசுகிறவர்களும் உண்டு. "ஹராம்டா, என் காசை அதுக்குச் சேர்க்காத" என்றான் ஒருத்தன். "குதிரை ஓடுறதைப் பாக்கிறது ஹராமா?" என்று மற்றவன். கெந்திங் கசினோவில்கூட மலேசிய முஸ்லிம்கள் விளையாடச் சட்டம் விடாது என்று ஒரு தகவல் நடுவில் வந்து விழுந்தது. சண்டை முடியவில்லை. ஆனால் அதற்குப் பதில் தேடிப் படிக்கப்போய், கொப்பியில் எழுதிய ஒவ்வொரு செலவுக்குப் பின்னாலும் ஒரு பழைய கணக்கு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் வரி, பஸ். பேராதனையில் பிரியும் ஏ5 பாதை கெலிஓயா, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறித்தான் நுவரெலியாவுக்குப் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். நாங்கள் பள்ளிக்கூடம் போக ரோட்டைக் கடக்கும்போது ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிற வேன்கள் எல்லாம் அங்கேதான் போகின்றன என்பது சின்ன வயதிலேயே தெரியும். அந்தப் போக்குவரத்துக்கு வயது ஏறக்குறைய 200 என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த மேட்டுச் சமவெளிக்குப் போய் அதன் குளிரைப் பற்றி எழுதினார். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே வீடு கட்டினார். காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் போய்த் தேறுவதற்கு ஒரு இடம் உண்டாக்கினார். அவருடைய வீடுதான் பிறகு வளர்ந்து இன்றைய கிராண்ட் ஹோட்டல் ஆனது. எங்கள் கொப்பியில் அதற்கு வரி கிடையாது, வெளியில் நின்று படம் எடுக்கலாம்.

பிறகு 1848இல் சாமுவேல் பேக்கர் வருகிறார். இங்கிலாந்திலிருந்து குடியேற ஆட்கள், கொல்லன், உயர்சாதி மாடு, வேட்டை நாய்கள் என்று ஒரு கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். மலை ஏறும் வழியில் அவருடைய குதிரைக்காரர் குடிபோதையில் வண்டியைப் பள்ளத்தில் விட்டார். அதோடு நிற்காமல், உதவிக்கு அனுப்பிய யானையை றம்பொடைக் கணவாயில் விரட்டி ஓட்டியதில் அதுவும் செத்துப்போனது. பேக்கர் இதைத் தன் புத்தகத்தில் நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். யானை எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதே 1848இல் கண்டிப் பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் அந்த நகைச்சுவை கசக்கும். அந்த ஆண்டின் தெருச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு 6 நாள் பாதை வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். கடைக்கு வரி, துப்பாக்கிக்கு வரி, நாய்க்கும் வரி. ஒருவர் வேட்டை நாய்க் கூட்டத்தோடு மலையேறுகிறார்; கீழே கிராமத்தில் வாசலில் படுத்திருக்கும் ஒற்றை நாய்க்கு வரி கேட்கிறார்கள். மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 8ஆம் தேதி புரன் அப்புவைக் கண்டி போகம்பரையில் சுட்டுக் கொன்றார்கள். பஸ் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று நாங்கள் சந்தோசப்படும் பாதைகளின் கதை இது.

இனி வாவி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கிரகரி வாவி இயற்கையாக வந்த ஏரி இல்லை. பிதுருதலாகலை மலையடியில் சதுப்பாகக் கிடந்த நிலம். 1873இல் ஓடையை மறித்து அணைகட்டி நீர் தேக்கினார்கள். உத்தரவிட்டவர் 1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த வில்லியம் ஹென்றி கிரகரி. மலையில் ஏரி வெட்டுவது அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் போல. ஊட்டி ஏரி 1820களில் கலெக்டர் ஜோன் சலிவன் வெட்டுவித்தது. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உண்டாக்கியது. ஏரி வெட்டு, பக்கத்தில் குதிரை ஓடவிடு, கிளப் கட்டு: சமையல் குறிப்பு மாதிரி எல்லா ஊரிலும் ஒன்றுதான். நுவரெலியாவில் 1873இல் வாவி, 1875இல் குதிரைப் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கிளப். முதல் மூன்றும் நான்கே வருடத்துக்குள்.

நமக்குக் கிட்ட இருக்கிற கண்டி வாவியும் வெட்டியதுதான், நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் ஊழியக்காரர்களைக் கொண்டு 1812இல் அதை முடித்தான். மூன்று வருடத்தில் ராஜ்யமே போய்விட்டது, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே 1832இல் இறந்தான். மக்களை வருத்தி வாவி வெட்டிய கொடுங்கோலன் என்று அவனைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். கிரகரியைப் பற்றி அப்படி எதுவும் படித்த ஞாபகம் இல்லை.

அந்தக் கிரகரி யார்? அயர்லாந்துக்காரர். கால்வே மாவட்டத்தில் கூல் என்ற பெரிய பண்ணை நிலத்துக்கு வாரிசு. அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது, குதிரைப் பந்தயம். சும்மா பார்க்கிற ஆசை இல்லை, பணம் கட்டுகிற வெறி. பந்தயத்தில் தோற்றுத் தோற்றுக் கடன் ஏறி, அப்பாவிடமிருந்து வந்த நிலத்தில் பெரும் பகுதியை விற்க வேண்டி வந்தது. நம் ஊரில் இப்படி ஒரு ஆள் இருந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். பிரித்தானியா ஒரு நாட்டையே கொடுத்தது.

பந்தயம் அவருடைய சொந்தக் காசு, தோற்றால் அவர் பாடு என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று இருக்கிறது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேரளவில் செத்தார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். அந்த நேரம் பாராளுமன்றத்தில் இருந்த இளைஞர் கிரகரி, 1847இல் ஏழைகள் நிவாரணச் சட்டத்துக்கு ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குத்தகைக் குடும்பத்துக்குப் பொது நிவாரணம் கிடையாது என்பது அந்தப் பிரிவு. சோறு வேண்டுமா, நிலத்தை விடு. நிலத்தை விட்டால் வீடும் போகும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அயர்லாந்து வரலாற்றில் அதற்கு இன்றும் "கிரகரி பிரிவு" என்றுதான் பெயர். அங்கே அந்தப் பெயர் வெளியேற்றத்தை ஞாபகப்படுத்துகிறது. இங்கே அன்னப் படகை.

ஒருவரை முழுக்கக் கறுப்பாகப் பூசுவது எங்களுக்கும் பிடிக்காது. கொழும்பு நூதனசாலை அவர் உண்டாக்கியது, 1877இல் திறந்தார்கள்; வாசலில் சிலையாக நிற்கிறார். வடமத்திய மாகாணத்தைப் பிரித்து அங்கே பழைய குளங்களைத் திருத்தவும் முயற்சி எடுத்தார். குளம் திருத்தியதும் அவர்தான், கால் ஏக்கர் பிரிவும் அவர்தான். அவருடைய இரண்டாவது மனைவி அகஸ்டா கிரகரி பிற்காலத்தில் அயர்லாந்தின் முக்கியமான நாடக ஆசிரியர் ஆகி, டப்ளினில் ஆபி தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி.

ஆனால் வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொன்றும் தெரிகிறது. ஹில் கிளப் தொடங்கிய 1876இல்தான் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்குகிறது, 1878 வரை. பட்டினியில் கிராமத்தை விட்டுக் கிளம்பிய பெருங்கூட்டம் கங்காணிமார் பின்னால் கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியில் நடந்து மலைக்கு வந்தது. அன்றைக்குக் கோப்பித் தோட்டம். நோய் விழுந்து கோப்பி அழிந்ததும் தேயிலை. அந்தத் தேயிலையை இறக்கவும் அரிசியை ஏற்றவும் ரயில் மேலே மேலே போனது, 1885இல் நானுஓயாவைத் தொட்டது. எங்கள் கெலிஓயா ஸ்டேசன் அதே பாதையில்தான் இருக்கிறது. ஒரு பஞ்சத்தில் நிவாரணத்தை வெட்டியவரின் பெயர் வாவிக்கு வந்தது. இன்னொரு பஞ்சத்தில் தப்பி வந்தவர்கள் அந்த வாவியைச் சுற்றி இருக்கிற மலைகளில் லயங்களுக்குள் அடைந்தார்கள். எங்களில் சிலருடைய பூட்டன், பூட்டி வந்த காலமும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது அந்த 500 ரூபாவுக்கு வருவோம். கோல்ஃப் கிளப் தொடங்கிய அதே 1889இல் அரசாங்கம் சூதாட்டத் தடைச் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தது. தெருவிலோ பொது இடத்திலோ காசு வைத்து விளையாடினால் குற்றம். சேவல் சண்டை, காசு வைத்தாலும் வைக்காவிட்டாலும் குற்றம். வாசிக்கும்போது நல்ல சட்டம் மாதிரித்தான் இருக்கிறது. குதிரை ஓடினால் மட்டும் அது விளையாட்டு. கோப்பைக்கு ஆளுநரின் பெயர், பார்க்க வருகிற அம்மாமாருக்குத் தொப்பி. லயத்துக்குப் பின்னால் சேவலை மோதவிட்டவன் பொலிசுக்குப் பயந்து ஓட வேண்டும். நாங்கள் சேவல் சண்டைக்கு வக்காலத்து வாங்கவில்லை, சேவலும் பாவம். எது சூது, எது ஸ்போர்ட் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்றுதான் கேட்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை. 1956இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்ததும் கொழும்பில் குதிரைப் பந்தயம் நின்றுபோனது. அந்தத் திடலில் இப்போது கடைத்தொகுதியும் ரக்பி மைதானமும் இருக்கின்றன. நுவரெலியாவில் மட்டும் பந்தயம் பிறகு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் அரசாங்கமே 1988இல் பந்தயம், சூதாட்டம் நடத்துகிறவர்களிடம் வரி வாங்கச் சட்டம் போட்டது, 2010இல் கசினோ ஒழுங்குபடுத்தல் சட்டம். கசினோ என்றால் கொழும்புதான். நம்ம டவுன்களுக்கு வந்து சேர்ந்தது ரேஸ் புக்கி: இங்கிலாந்தில் எங்கேயோ ஓடுகிற குதிரைக்கு இங்கே கூலி வேலை முடித்து வந்த மனுசன் காசு கட்டுவார். கிரகரி தோற்றது நிலத்தை. இவர் தோற்பது அன்றைய அரிசிக் காசை. எங்கள் கூட்டத்தில் "ஹராம்" என்று சொன்னவன் வேதத்தைக் காட்டி மட்டும் சொல்லவில்லை. அவன் வீட்டில் அப்படி ஒரு மனுசர் இருந்தார். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தங்குமிடம். ஏப்ரல் சீசனில் போகாதீர்கள் என்பதுதான் எங்கள் முதல் அறிவுரை. மழைக்கு முந்திய மாதத்தில் கொழும்பு புழுங்கும், துரைமார் குடும்பத்தோடு மேலே வருவார்கள். அப்படித்தான் சீசன் உருவானது. பந்தயம், பூக் கண்காட்சி, 1934 முதல் மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார் ஓட்டம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. துரைமார் போன பிறகு கொழும்புப் பணக்காரர்கள் வந்தார்கள், இப்போது புதுவருட லீவில் நாடே வருகிறது. ஐரோப்பிய ஆண்களுக்கு மட்டும் என்று நீண்ட காலம் இருந்த ஹில் கிளப்பில் இன்று காசு இருந்தால் யாரும் அறை எடுக்கலாம். அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீசனில் சாதாரண விடுதி அறைகூட விலை எகிறும். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 1000 ரூபா கேட்டு வருடக்கணக்காகப் போராடி, அது வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். ஒரு இரவு வாடகை எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தியின் அம்மாயி நானுஓயாவுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது மகளோடு கெலிஓயாவில் இருக்கிறார். சீசன் எப்படி இருக்கும் என்று கேட்கப் போனோம்.

"அந்த நேரம் கொழுந்து கூட, பிள்ளை. எங்களுக்கு ஏது சீசன்?"

உண்மைதான். மழை தொட்டதும் தேயிலை தளிர்க்கும். ஏப்ரல், மே மாதங்களில்தான் மலையில் கொழுந்து நிறையும். ஊர் முழுக்க லீவு எடுக்கிற மாதத்தில் தோட்டத்தில் பிரட்டு முன்னதாகவே நடக்கும். வாவியைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டோம். பார்த்திருக்கிறாராம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, லொறியில் இருந்து. இறங்கியதில்லை. 1983 ஜூலையில் நுவரெலியா டவுனில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பற்றி அவராகவே சொன்னார். தீபாவளிக்குக் கடனில் துணி கொடுக்கிற கடை ஒன்று இருந்ததாம், அதுவும் போனதாம். "கடன்ல பாதி குடுக்காம இருந்திச்சி. அந்த மொதலாளி எங்க போனாரோ." 40 வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கடன் அவர் மனதில் நிற்கிறது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது, பிறகு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அண்ணன் குடும்பம் இந்தியா போனது என்று பேச்சு நீண்டு, தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. சீசன் என்ற சொல் அதற்குப் பிறகு எங்கேயும் வரவில்லை.

கொப்பியைத் திரும்ப எழுதினோம். போவது பெப்ரவரியில், வார நாளில். பனி கொட்டும், ஆனால் மழை குறைவு, அறை வாடகையும் இறங்கியிருக்கும். அறை எடுக்கப்போவதும் இல்லை, விடியக் கிளம்பி இரவு திரும்பலாம் என்று முடிவு. இரண்டு நாள் வேண்டும் என்றால் டவுன் நடுவைத் தவிர்த்து நானுஓயாப் பக்கம் வீடுகளில் கேளுங்கள். போகும்போது ரயில், வரும்போது பஸ். கெலிஓயாவில் ஏறிக் கம்பளையில் பெரிய வண்டிக்கு மாறலாம். மண்சரிவு இந்தப் பாதைக்குப் புதிதில்லை என்பதால் வண்டி ஓடுகிறதா என்று முதல் நாளே ஸ்டேசனில் கேட்டுக்கொள்ளுங்கள். நானுஓயாவில் இறங்கினால் டவுனுக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர், பஸ் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் துண்டுக்கும் ஒரு குட்டி ரயில் ஓடியது, றாகலை வரைக்கும்; 1940களில் மூடிவிட்டார்கள். இருந்திருந்தால் எங்களுக்கு இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

சாப்பாடு வீட்டிலிருந்து பார்சல். விக்டோரியா பூங்கா பார்க்கலாம், ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 1897இல் பெயர் வைத்தது. வாவிக்கரைப் பூங்காவுக்குள் போக டிக்கெட் உண்டு. வெளியே பதுளை வீதி ஓரமாக நடந்தாலே வாவி கூடவே வரும், அதற்குக் காசில்லை. மட்டக் குதிரையில் ஏற்றிச் சுற்றுகிறவர்களிடம் ஏறுவதற்கு முன்பே விலை பேசுங்கள்.

நாங்கள் போகிற நாளில் ரேஸ் இல்லை. அதனால் அந்த 500 ரூபா சண்டை இப்போதைக்கு அப்படியே நிற்கிறது. அந்த வரிக்குக் கீழே அம்மாயியின் டிக்கெட் சேர்ந்திருக்கிறது. ஒரு கிழமை யோசித்துவிட்டு வருகிறேன் என்றார். அன்னப் படகில் ஏற மாட்டாராம். கரையில் உட்கார்ந்து சோத்துப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட வேண்டுமாம், அதுவும் அவசரப்படுத்தாமல். ஸ்வெட்டர் அவரிடம் இருக்கிறது. எங்களில் மூன்று பேருக்குத்தான் இன்னும் தேட வேண்டும்.